நான்காம் எண் நகரமும் எங்கள் அக்காவின் பீலியும்

எங்கள் அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெற்றால் ஒரு மலர் போடுவார்கள். முகப்பில் மாலையோடு படம், உள்ளே வாழ்த்து, கடைசிப் பக்கத்தில் அச்சகக்காரரின் விளம்பரம். 2009ஆம் வருடமாகிய இந்த வருடம் என் முறை. மலர்க் குழுத் தம்பி வந்து, "ஸ்டெல்லா மிஸ், இனிமையான நினைவுகள் ரெண்டு பக்கத்துக்கு எழுதித் தாங்க" என்றார். பதினேழு வருடத்தில் இனிமையானதை மட்டும் பொறுக்கினால் அரைப் பக்கம் தேறும். அதிலும் பாதி கன்டீன் கட்லட் பற்றியதாக இருக்கும். ஆகவே நினைவுகளை நான் எழுதுகிறேன். சீனியை அவர்கள் போட்டுக் கலக்கிக்கொள்ளட்டும்.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் புதிய கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் சபரகமுவ மாகாணத்து நகரங்கள் எல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பொட்டு வைத்துக்கொண்டு வந்து நிற்கின்றன. எது நிலைபேறான நகரம், எது இல்லை என்பது இரண்டு விநாடியில் தெரிந்துவிடுகிறது. நான்காம் எண் நகரம் பச்சைப் பொட்டோடு இருந்தது. எனக்கு வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு வெளியே போனேன். அந்த நகரத்தை அளக்கப் போய்த்தான் என் கூடப்பிறந்த அக்கா ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருந்தாள். அதைக் காட்ட அந்தக் கம்ப்யூட்டரில் பொத்தான் இல்லை.

நான் இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் பால் வெட்டப் போனபின் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சில வருடம் வேலை செய்தேன். 1992இல் இந்தத் திட்ட அலுவலகத்துக்கு ஆள் தேடினார்கள். சிங்களமும் தமிழும் பேசவேண்டும், வெயிலில் நடக்கவேண்டும், சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கக்கூடாது. மூன்று தகுதியும் எனக்கு இருந்தன. பயிற்சி மூன்று வாரம். முதல் வாரம் நிலைபேறு என்றால் என்னவென்று சொன்னார்கள். இரண்டாம் வாரம், முதல் வாரம் சொன்னதில் சில தவறுகள் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் சான்றிதழ் தந்தார்கள்.

வேலை இதுதான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நகரங்களை ஒரே படிவத்தால் அளந்து, எந்த ஊர் பிள்ளைகள் காலத்துக்கும் தாங்கும், எந்த ஊர் தன் குப்பையிலேயே அமிழ்ந்துபோகும் என்று வரிசைப்படுத்தவேண்டும். அந்த வரிசையைப் பார்த்துத் திட்டமிடுகிறவர்கள் திட்டமிடுவார்கள். பக்கச்சார்பு வந்துவிடக்கூடாது என்பதற்காக நகரங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் எந்த ஊர் என்பது பரம இரகசியம். பியோனுக்கும், கன்டீன்காரருக்கும், அந்தந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

அளக்கும் முறைகளைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வடிகாலுக்கு: காய்ந்த ரப்பர் இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, அது பத்தடி நகர எத்தனை விநாடி எடுக்கிறது என்று பார்க்கவேண்டும். எல்லா நகரத்துக்கும் ஒரே இலைதான் நியாயம். எம்பிலிப்பிட்டிய வெயிலில் ரப்பர் இலைக்கு நான் எங்கே போவேன்? பை நிறையக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். பக்கத்து சீட்டு அம்மா, "மருந்துக்கா நங்கி?" என்று தங்கை முறை வைத்துக் கேட்பார். "ஆமா, ஊருக்கு மருந்து" என்பேன்.

நிழலுக்கு: உச்சி வெயிலில் பெரிய வீதியில் நடந்து, நூறு அடி வைத்தால் எத்தனை அடி நிழலில் விழுகிறது என்று எண்ணவேண்டும். குடை பிடிக்கக்கூடாது, அது நகரத்தின் நிழல் அல்லவாம். நாற்றத்துக்கு மூன்றே கட்டம்: 'இல்லை', 'உண்டு', 'மூக்கைப் பொத்தவேண்டும்'. குப்பைக்கு: காலை ஏழு மணிக்கு நகரத்துக் குப்பைமேடுகளை எண்ணவேண்டும். மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி எண்ணவேண்டும். மேடு போயிருந்தால் முழு மார்க். எங்கே போயிற்று என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. போனது போனதுதான்.

எங்கள் மேலதிகாரியின் பெயரை எழுதமாட்டேன். நாங்கள் பென்சில் ஐயா என்போம். மெலிந்த மனிதர், சிங்களவர், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். பத்து மணிக்குப் பால் சேர்க்காத பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும். மேசையில் ஐந்து பென்சில், ஐந்தும் ஒரே நீளம். ஒன்று தேய்ந்தால் மற்ற நான்கையும் சீவிச் சமப்படுத்துவார். அலுவலகத்தில் பேனாவால் எண் எழுதக்கூடாது. "பேனா பிடிவாதக்காரன், ஸ்டெல்லா. தப்புன்னு தெரிஞ்சாலும் விடமாட்டான்" என்பார். அவரிடம் இருந்த ஒரே பேனா சட்டைப் பையில் மூடியோடு தூங்கிக்கொண்டிருக்கும். கையெழுத்துக்குக்கூட மாதத்தில் ஒருநாள்தான் அதை எழுப்புவார்.

அவருடைய இன்னொரு சட்டம்: கண்ணால் கண்டதை மட்டும் எழுது. ஒருமுறை கலவானையில் நாள் முழுக்க மேகம். நூற்றுக்கு நூறு அடியும் நிழல் என்று எழுதி, கெட்டிக்காரி என்ற நினைப்போடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்தார், அழிறப்பரை எடுத்தார், பொறுமையாகத் தேய்த்தார். "மேகம் நகரசபைக்குச் சொந்தமில்லை" என்றார். அடுத்த வாரம் மறுபடி அனுப்பினார். அன்றும் மேகம்தான். மூன்றாம் முறைதான் சூரியன் ஒத்துழைத்தது.

அவரைக் கேலி செய்கிறேனே தவிர, அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டவள். அது யுத்தகாலம். கையில் வரைபடமும், அளக்கும் நாடாவும், பை நிறையக் காய்ந்த இலையும் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் டவுன் சாக்கடை ஓரத்தில் குந்தியிருந்தால் என்ன ஆகும்? ஒரு சோதனைச் சாவடியில் என்னை மூன்று மணிநேரம் உட்கார வைத்தார்கள். சாக்கடையை எதற்கு அளக்கிறாய், யார் அளக்கச் சொன்னது என்று ஒரே கேள்வியைப் பதினைந்து விதமாகக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். அதை ஒருவரும் நம்பவில்லை. என்னாலேயே நம்ப முடியவில்லை.

செய்தி போய், பென்சில் ஐயா பஸ் பிடித்து வந்தார். சண்டை போடவில்லை. குரலைத் தாழ்த்தி, அங்கிருந்த பெரியவரிடம் ஒரு படிவத்தை நீட்டினார். "இந்தச் சாவடிக்கு முன்னால உள்ள வடிகாலும் எங்க கணக்குலதான் வருது. இலை நகரவே இல்லைன்னு இவங்க எழுதியிருக்காங்க. நீங்களும் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். பெரியவர் வடிகாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதரிடம் பொய் சொல்லுவதில்லை என்று மாதா மேல் ஆணையாக நினைத்துக்கொண்டேன். மாதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள் போலிருக்கிறது.

இனி நான்காம் எண் நகரம். தொண்ணூறுகளின் கடைசியில் அது வரிசையில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. குப்பைக்கு ஒவ்வொரு முறையும் முழு மார்க். காலையில் மேடு, மறுநாள் காலை வெறும் தரை. மற்ற ஊர்ப் பெரிய மனிதர்கள் அங்கே போய் எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு மட்டும் குறிப்பு தேவைப்படவில்லை. நகர எல்லை ஒரு மதகோடு முடிகிறது. மதகைத் தாண்டினால் தோட்டம். டிராக்டர் மதகைத் தாண்டி இருபது அடி போய், ரப்பர் மலைச் சரிவில் குப்பையைக் கவிழ்த்துவிட்டு, நிலைபேறான நகரத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

அந்தச் சரிவின் கீழே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், இரண்டு லயம், இருபத்துநாலு வீடு. லயத்துக்குத் தண்ணீர் ஒரு பீலியிலிருந்து; மலை ஊற்றைக் குழாய் வைத்து இறக்கி, சீமெந்துத் தொட்டியில் விழ விட்டிருப்பார்கள். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான். அந்த லயத்தின் மூன்றாம் காம்பராவில் என் அக்கா அந்தோனியம்மா இருந்தாள். அத்தான் தவறிப்போன பின் பால் வெட்டித் தன் ஒரே மகள் ஜெசியை வளர்த்தாள். மழை பெய்தால் நகரத்துக் குப்பையின் சாறு ஊற்றில் இறங்கும். பீலித் தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் வரும். ஜெசிக்கு அப்போது ஆறு வயது. மாதத்துக்கு ஒருமுறை வயிற்றோட்டம்.

பென்சில் ஐயாவிடம் சொன்னேன். "எல்லைக்கு வெளியே" என்றார். "குப்பை உள்ளே இருந்துதானே போகுது, சேர்?" என்றேன். நீண்டநேரம் பென்சிலை உருட்டினார். பிறகு படிவத்தின் கடைசித் தாளை எடுத்துக் காட்டினார். 'நகரை அண்டிய குடியிருப்பு' என்று ஒரு பகுதி. அதை அதுவரை ஒருவரும் நிரப்பியதில்லை. கணக்கெடுப்பவர் முன்மொழிந்தால், அதிகாரி நேரில் போய் மார்க் போடலாம். மார்க் குறைவாக வந்தால் அந்தக் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர், குப்பையை வேறிடத்துக்கு மாற்ற உத்தரவு, நகரத்தின் மார்க்கிலும் வெட்டு. ஒரே நிபந்தனை: வருகிற நாளைக் குடியிருப்பாளருக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. சொன்ன ஊழியருக்கு வேலை போகும். "வியாழக்கிழமை போவோம்" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வியாழக்கிழமை அக்கா மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தால் பேச யார் இருப்பார்கள்? தோட்டத்து வேலையை மேய்க்கும் கணக்கப்பிள்ளை இருப்பார், லயம் சொர்க்கம் என்று சொல்லுவார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, வியாழக்கெழம எங்க ஆபீஸ் பெரியவரு லயத்துக்கு வர்றாரு. வேலைக்குப் போகாம வீட்டுல இரு. தண்ணி எப்புடி வருதுன்னு உள்ளதச் சொல்லு. வேற யாருகிட்டயும் மூச்சு விடாத."

"பெரியவரா? நம்ம லயத்துக்கா?" அக்காவின் கண் அகன்றது. "அடியே, அத இப்பவா சொல்லுற? இன்னும் மூணு நாளுதானே இருக்கு!"

அந்த வார்த்தையிலேயே நான் விழித்திருக்கவேண்டும். விழிக்கவில்லை. பதினேழு வருடத்தில் நான் செய்த மடத்தனங்களுக்குள் முதலிடம் இதற்குத்தான்.

எங்கள் லயங்களில் ஒரு பழக்கம் உண்டு, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டுப் போனது. துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் முந்தின நாளே சுண்ணாம்பு அடிக்கவேண்டும், வாசல் வடிகாலான கான் கூட்டவேண்டும், பீலி தேய்க்கவேண்டும். இல்லாவிட்டால் பேர் வெட்டுவார்கள். வேலையும் போகும், காம்பராவும் போகும். துரை போய்ப் பல காலம். பயமும் பாதி போய்விட்டது. அதன் இடத்தில் மானம் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியவர் ஒருவர் வருகிறார், லயம் கிடக்கிறபடி கிடக்கிறது என்றால், அது அந்த லயத்துப் பெண்களுக்குத் தலைகுனிவு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு பென்சில் ஐயாவோடு மதகைத் தாண்டி இறங்கினேன். லயம் பளீரென்று சுண்ணாம்பு வெள்ளையில் நின்றது. கானில் ஒரு சருகு இல்லை. சரிவைப் பார்த்தேன். குப்பையைக் காணோம்! இருபத்துநாலு வீட்டுக்காரரும் மூன்று நாளாக, வேலை முடிந்த கையோடு, நகரத்தின் குப்பையைக் கூடை கூடையாகச் சுமந்து பழைய ரப்பர்க் குழிகளில் புதைத்து, மேலே மண் போட்டு, பன்னச் செடியும் நட்டிருந்தார்கள். குப்பைச் சாறு ஊற்றுக்கு இறங்கும் ஓடையை உர மூட்டைகளில் மண் நிரப்பி அடைத்துத் திருப்பியிருந்தார்கள். பீலிக்குத் தென்னங்குருத்துத் தோரணம், தொட்டி விளிம்பில் செவ்வரத்தம்பூ. தண்ணீர் கண்ணாடியாக விழுந்தது. ஜெசி எண்ணெய் வழிய இரட்டைச் சடையோடு கைகூப்பி நின்றாள்.

அக்கா கோயில் சேலையில் இருந்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு ஓவென்று அழத் தோன்றியது.

பென்சில் ஐயா தன் முறைப்படி எல்லாம் செய்தார். இலையைப் போட்டார், பறந்து போயிற்று. வாளியை வைத்து நேரம் பார்த்தார். மூக்கை நீட்டி மூன்று திசையிலும் மோந்தார். பிறகு அக்காவிடம் கொச்சைத் தமிழில், "தண்ணி எப்படி அம்மா?" என்று கேட்டார்.

நான் அக்காவின் கண்ணைப் பார்த்தேன். சொல்லு, சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். கணக்கப்பிள்ளை அவள் பின்னால் நின்றார். அவர் நிற்காவிட்டாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"நல்ல தண்ணிங்க ஐயா. ஒரு கொறையும் இல்லீங்க. டீ குடிச்சிட்டுத்தான் போகணும்."

டீயும் பிஸ்கட்டும் வந்தன. பென்சில் ஐயா, "ஹரி ஹொந்தய், ஹரி ஹொந்தய்" என்று சிங்களத்தில் மெச்சிக்கொண்டே பத்துக்கு ஒன்பது போட்டார். வண்டியில் ஏறியதும், "ஸ்டெல்லா, இந்த லயம் டவுனைவிடச் சுத்தம். நீ ஏன் குறை சொன்னாய்?" என்று கேட்டார். கண்ணால் கண்டதை மட்டும் எழுதும் மனிதரிடம் நான் என்ன சொல்ல?

அப்புறம் நடந்தது எல்லாம் பெரும் கூத்து. லயத்துக்கு 'முன்மாதிரிக் குடியிருப்பு' என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தயாரானது. குடிதண்ணீர்க் குழாய்ப் பட்டியலிலிருந்து லயம் நீக்கப்பட்டது. இவ்வளவு நல்ல தண்ணீருக்குக் குழாய் எதற்கு? அண்டிய குடியிருப்பையே இப்படி வைத்திருக்கிற நகரம் என்று நான்காம் எண் நகரத்துக்குக் கூடுதல் மார்க் விழுந்து, முதலிடம் வந்தது. பரிசாக டவுன் நடுவில் ஒரு செயற்கை நீரூற்று கட்டித் தருவதாக முடிவானது. தண்ணீர் இல்லாதவளுக்குச் சான்றிதழ், தண்ணீர் இருக்கிறவனுக்கு நீரூற்று! இதைவிட நேர்த்தியாகத் திட்டமிட ஒருவராலும் முடியாது.

இரண்டு வாரத்தில் மழை பிடித்தது. உர மூட்டைகள் உடைந்தன. புதைத்த குப்பை பன்னச் செடியோடு சேர்ந்து கிளம்பி ஊற்றுக்கே வந்தது. டிராக்டரும் தன் பங்குக்குத் தினமும் வந்துபோனது. ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குச் செய்தி வந்தது: ஜெசியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

வார்டில் பிள்ளை துவண்டு கிடந்தாள். கையில் சேலைன் ஊசி. உதடு வெடித்திருந்தது. அக்கா கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் உன்னைய என்னா சொல்லச் சொன்னேன், நீ என்னா சொன்ன?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எங்க தண்ணி பீத்தண்ணின்னு சொல்லச் சொல்றியா?" என்றாள் அக்கா. "கண்ணு இல்லையா அவங்களுக்கு? அவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

"நீதான் பாக்க விடலையே! தோரணம் கட்டி மறைச்சிட்டியே!"

அவள் சேலை முந்தானையால் ஜெசியின் உதட்டைத் துடைத்தாள். வெளியே வந்து பஸ் நிலையம் மட்டும் அழுதுகொண்டே நடந்தேன். அக்காவைத் திட்டியது தப்பு. நாளைச் சொன்னது நான். சொல்லாமல் இருந்திருந்தால் அன்றே எல்லாம் தெரிந்திருக்கும்.

அந்த மாதம்தான் என் பெயர் நிரந்தர நியமனப் பட்டியலில் போயிருந்தது. ஏழு வருடம் காத்திருந்த பட்டியல். படிவத்தில் மறுபரிசீலனைக்கு ஒரு வழி இருந்தது: முதல் வருகையின் முடிவு பிழை என்று கணக்கெடுப்பவர் காரணம் எழுதிக் கையெழுத்திடவேண்டும். காரணம் எழுதினால் என் வேலையை நானே வெட்டிக்கொள்வதாக அர்த்தம். சான்றிதழும் நீரூற்றும் கையெழுத்தாகி மேலே போக மூன்று நாள் இருந்தது. போய்விட்டால் அண்டிய குடியிருப்புக்கு அடுத்த அளவெடுப்பு ஐந்து வருடம் கழித்துத்தான். ஜெசிக்கு ஐந்து வருடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, பிளேன்டீ வேளையில், பென்சில் ஐயாவின் முன்னால் போய் நின்றேன். "சேர், நீங்க வர்ற நாளை நான் என் அக்காவுக்குச் சொன்னேன். அவங்க சுத்தம் பண்ணிட்டாங்க. நீங்க பாத்தது லயம் இல்ல, லயத்தோட மானம்."

கருப்பட்டியைக் கடிக்காமல் கீழே வைத்தார். குரல் வெகுவாகத் தாழ்ந்தது. "யார் அக்கா?"

"டீ தந்த அம்மா."

"நான் குடிச்ச டீ எந்தத் தண்ணியில போட்டது?"

"அன்னைக்கு மட்டும் தூரத்துக் கிணத்துல இருந்து சுமந்துட்டு வந்தாங்களாம், சேர். இப்ப அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கு."

எண்ணெய் வழிந்த இரட்டைச் சடைப் பிள்ளை அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்து மறுபரிசீலனைத் தாளை என் முன்னால் வைத்தார். நான் மேசையிலிருந்து பென்சிலை எடுத்தேன். கையை நீட்டித் தடுத்தார். சட்டைப் பையில் தூங்கிக்கொண்டிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி என்னிடம் தந்தார். "இதை அழிக்கக்கூடாது" என்றார். எழுதிக் கையெழுத்திட்டேன். பேனாவில் என் பெயர் யாரோ ஒருவரின் பெயர் மாதிரி விழுந்தது.

எப்போது போவது என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. மழை பெய்து விடிந்த ஒரு காலையில் வண்டி என் வாசலில் வந்து நின்றது. மரம் நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை, எல்லாரும் லயத்தில்தான் இருப்பார்கள் என்பதை அவர் விசாரித்து வைத்திருந்தார்.

ஏழு மணிக்குப் பீலியடியில் இறங்கினோம். பெண்கள் குளித்துக்கொண்டும் குடம் நிரப்பிக்கொண்டும் இருந்தார்கள். தொட்டியில் பிளாஸ்டிக் பையும் கோழி இறகும் மிதந்தன. அக்கா மார்போடு கட்டிய பாவாடையில், அவிழ்ந்த தலையோடு, தண்ணீரைத் துணியால் வடிகட்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் குடத்தைப் போட்டுவிட்டுக் கையால் மார்பை மூடினாள். பென்சில் ஐயா சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"சொல்லாம கொண்டாந்துட்டியேடி" என்றாள். அவ்வளவுதான். காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பென்சில் ஐயா இலையைப் போட்டார். அது கோழி இறகில் சிக்கி அங்கேயே நின்றது. படிவத்தில் 'மூக்கைப் பொத்தவேண்டும்' என்ற கட்டத்தில் பேனாவால் அடையாளம் போட்டார். மார்க், பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று எதற்கு என்று கேட்டேன். "வடிகட்டுறாங்களே, அதுக்கு" என்றார்.

பென்சில் ஐயா மேலே என்ன எழுதினாரோ, எனக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நிரந்தர நியமனம் இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று, எம்பிலிப்பிட்டியவுக்கு மாற்றினார்கள். குறைந்த மார்க்கின் புண்ணியத்தில் பத்து மாதத்துக்குள் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. நீரூற்றுக்குக் கையெழுத்துக்கு முன்பே அடிக்கல் நட்டுவிட்டார்கள். நட்டதை எப்படிப் பிடுங்குவது என்று யாருக்கும் தெரியாததால் கட்டியும் முடித்தார்கள். அதில் இன்றுவரை தண்ணீர் வந்ததில்லை, காகங்கள் வெயில் காய்கின்றன. குப்பை வேறொரு எல்லைக்கு அப்பால் போயிற்று. நகரம் மறுபடி முழு மார்க் வாங்கி, இப்போது பச்சைப் பொட்டும் வைத்திருக்கிறது. அந்த இன்னொரு எல்லைக்குக் கீழே யாருடைய அக்கா இருக்கிறாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அதையும் எழுதிவிடவேண்டும்.

அக்கா பேசவில்லை. ஜெசி தேறிப் பள்ளிக்கூடம் போனாள். அவள் மூலம் நான் அனுப்பிய சட்டைத்துணி திரும்பி வந்தது. நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் பூசையில், நான் ஒரு வாங்குப் பலகையில், அக்கா வேறொரு வாங்கில். தண்ணீர் வந்துவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்று நான் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் கழிந்து, எம்பிலிப்பிட்டியவில் ஒரு ஞாயிறு காலை. கதவைத் தட்டும் சத்தம். பால்காரர் என்று நினைத்து, கிழிந்த நைட்டியோடு திறந்தேன். அக்கா நின்றாள். கோயில் சேலை, கையில் ஒரு போத்தல் தண்ணீர். விடிய முன்னம் பஸ் ஏறியிருக்கவேண்டும்.

"அக்கா..." என்றேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். தனியாக இருக்கிறவளின் வீடு. நாற்காலி நிறையத் துவைக்காத துணி. டீ குடித்த கோப்பையில் எறும்பு. மூன்று நாள் பாத்திரம் குசினியில் அடுக்கிக் கிடந்தது. மூலையில் மீன் கழிவுப் பை, நேற்றையது. அக்கா ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் பார்த்தாள். மூக்கை நீட்டி மோந்தும் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. நைட்டியின் கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"எத்தன மார்க் போடலாம்?" என்று கேட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா அக்கா?" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தபின்தான் எனக்கு உறைத்தது.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தடுமாறிக்கொண்டு விளக்குமாற்றைத் தேடி மூலைக்குப் போனேன். அக்கா வந்து அதை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினாள். நாற்காலியில் கிடந்த துணியை ஒதுக்கி என்னை உட்கார வைத்தாள். கழுவாத கோப்பைகளில் ஒன்றை எடுத்து, தான் கொண்டுவந்த குழாய்த் தண்ணீரால் அலசி, மீதியை ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"குடி. வீடு கெடக்குறபடி கெடக்கட்டும்" என்றாள்.